பள்ளி ஆலோசகரின் கடிதம் வந்தால்

பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், பல மாதங்களாக நீடித்த வயிற்றுவலிக்குப் பின் என்னிடம் அனுப்பப்பட்டான். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எண்டோஸ்கோபி ஆகிய எதிலும் குறை தென்படவில்லை. ஆயினும் வலி பொய்யன்று. அது பள்ளி நாள்களின் காலையில் மட்டும் வந்தது. உறக்கம் குறைந்திருந்தது, விளையாட்டை விட்டிருந்தான், நண்பர்களிடமிருந்தும் விலகியிருந்தான். பேச்சினிடையே அவன் தந்தை சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். மனநல மருத்துவரை அணுகுமாறு பள்ளி ஆலோசகர் எழுதிய கடிதம் அது. தேதி நான்கு மாதங்களுக்கு முந்தையது. “பையனுக்குப் பெயர் கெட்டுவிடுமோ என்று பயந்து யாரிடமும் காட்டவில்லை, டாக்டர்” என்றார்.

அடையாளம் தெரியாதவாறு விவரங்களை மாற்றியுள்ளேன். ஆனால் இத்தகைய மடித்த கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல.

விதிகள் கூறுவது என்ன?

அண்மை ஆண்டுகளில் மாணவர் மனநலம் குறித்து அரசும் நீதிமன்றமும் தெளிவான நெறிமுறைகளை வகுத்துள்ளன. 2022 அக்டோபரில் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவை தொடங்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் தமிழ்நாட்டில் ‘மனம்’ திட்டம் தொடங்கி, மருத்துவக் கல்லூரிகளில் மனநல நல்லாதரவு மன்றங்கள் அமைக்கப்பட்டன. பொதுத்தேர்வில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு 2017ஆம் ஆண்டிலேயே கைவிட்டது. இதனையும் ஒரு மனநல நடவடிக்கையாகவே நான் கருதுகிறேன்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நுழைவுத்தேர்வுக்குப் பயின்ற மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், நாடு முழுமைக்கும் 15 நெறிமுறைகளை வழங்கியது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள வல்லுநர்களோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி அளிக்கப்பட வேண்டும். உதவி எண்கள் வகுப்பறையிலும் விடுதியிலும் கண்ணில் படுமாறு இருக்க வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைப் பிரித்தலும், பலர் முன்னிலையில் அவமதித்தலும் கூடா. இவை பயிற்சி மையங்களுக்கும் பொருந்தும்.

எல்லா இடங்களிலும் இவை நடைமுறைக்கு வந்துவிட்டன எனக் கூற இயலாது. எனவே, “இங்கே ஆலோசகர் யார்? எந்த நாள்களில் இருப்பார்?” எனப் பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

தேர்வு முடிவு நாள் மட்டுமன்று

அத்தீர்ப்பு எடுத்துக்காட்டும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். அவற்றுள் தேர்வுத் தோல்வியோடு நேரடியாக இணைத்துக் கூறப்பட்டவை 2,248. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முடிவுகள் வெளியாகும் வாரத்தில் மட்டும் விழிப்போடு இருந்தால் போதாது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

பத்து ஐரோப்பிய நாடுகளின் 168 பள்ளிகளில் நடைபெற்று 2015இல் வெளிவந்த ஆய்வொன்று இங்கு நினைவுகூரத்தக்கது. ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி அளித்தபோது குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. மாணவர்களே மன அழுத்தம் குறித்துக் கலந்துரையாடி, நடித்துப் பழகிய வகுப்புகள் நடந்த பள்ளிகளில், ஓராண்டில் தற்கொலை முயற்சிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. பிள்ளைகள் தம் துன்பத்தைச் சொல்லப் பழகுவதே பாதுகாப்பு. அப்பழக்கத்தை வீட்டிலும் வளர்க்கலாம்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

கடிதம் வந்தால் அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பாருங்கள்; கடிதத்தையும் உடன் கொண்டுவாருங்கள். அது குற்றப்பத்திரிகை அன்று, பரிந்துரை மட்டுமே. மருத்துவர் பிள்ளையோடு சிறிது நேரம் தனியே பேச இடங்கொடுங்கள்.

சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்க வேண்டிய கடமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எங்கள்மீது சுமத்தியுள்ளது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. வழக்கு வருமென அஞ்சிச் சிகிச்சையைத் தாமதப்படுத்த வேண்டாம்.

“சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?” என நேரடியாகக் கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றாது. மறைத்து வைத்ததைச் சொல்ல வழி கிடைக்கும். “ஆம்” என்ற பதில் வந்தால், பிள்ளையைத் தனியே விடாது உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

அம்மாணவன் சில மாதச் சிகிச்சைக்குப் பின் இப்போது ஒழுங்காகப் பள்ளி செல்கிறான். மாலையில் கால்பந்தும் ஆடுகிறான். அவனுக்கு வேண்டிய உதவி முன்பே பள்ளியிலிருந்து புறப்பட்டு வந்திருந்தது. சட்டைப் பையில் அது காத்திருந்த நான்கு மாதங்களும் அவன் தனியே வலியைத் தாங்கிய மாதங்கள். உங்கள் வீட்டில் அப்படியொரு கடிதம் இருந்தால், இன்றே பிரித்து எங்களிடம் காட்டுங்கள்.