புதிய இணைப்பும் வந்து சேராத அஞ்சலும்

தில்லியிலே கரோல் பாக்கிலிருந்து ராமகிருஷ்ணபுரத்துக்குக் குடிபெயர்ந்த ஒருவர், தபால் நிலையத்துக்குத் தம் புது முகவரியைத் தெரிவியாவிட்டால் என்ன நேரும்? அவர் எழுதும் கடிதங்கள் ஊருக்குச் செவ்வனே போய்ச் சேரும். ஊரிலிருந்து வருவனவோ பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். இணைய இணைப்பை மாற்றிய அலுவலகங்களில் மின்னஞ்சல் வராமற் போவதும் பெரும்பாலும் இவ்வாறே. அஞ்சலை வெளி நிறுவனத்தாரிடம் ஒப்படைத்தோருக்கு இத்தொல்லை இல்லை. தம் அறையிலேயே அஞ்சல் சர்வரை வைத்திருப்போருக்கே இது.

அனுப்பும் அஞ்சல் போகிறது, வரும் அஞ்சல் மட்டும் வரவில்லை என்றால் சர்வரைப் பிரித்துப் பார்க்க முற்படுதல் வீண். முதலில் நோக்கவேண்டியது பெயர்ப் பதிவு. 1983-இல் பால் மொகபெட்ரிஸ் வகுத்த டி.என்.எஸ். என்னும் முறையில், எம்.எக்ஸ். பதிவு அஞ்சல் சர்வரின் பெயரை மட்டுமே கூறும், அப்பெயருக்குரிய ஐ.பி. எண் வேறொரு பதிவில் இருக்கும். எம்.எக்ஸ். சரியாக உள்ளதெனக் கண்டு திருப்தியுற்று, அவ்வெண் பழையதாகவே இருப்பதைக் காணத் தவறுவோர் பலர். எண்ணைத் திருத்திய பின்னும் பிறர் கணிப்பொறிகள் பழையதைச் சில காலம் நினைவில் வைத்திருக்கும். அக்காலம் 86,400 விநாடி, அதாவது ஒரு நாள், என்று குறிக்கப்பட்டிருப்பின், மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே அதை 300 ஆகக் குறைத்துவிடுதல் விவேகம்.

அடுத்தது ரூட்டர். அஞ்சல் 25-ஆம் 'போர்ட்' வழியே வரும். இதனைத் துறை என்று மொழிபெயர்ப்பதுண்டு. ஆயினும் அதிகாரத் துறைகளோடு குழம்புமாதலின், நாம் வாசல் என்றே கொள்வோம். இவ்வாசலுக்கு வருவதை உள்ளேயிருக்கும் சர்வருக்கு அனுப்புக என்னும் கட்டளை பழைய ரூட்டரோடே போயிருக்கும். புதியதில் மறுபடி எழுதவேண்டும்.

இத்தனையும் செய்தும் பயனில்லையாயின், புதிய நிறுவனத்தார் ஒரே பொது எண்ணைப் பல சந்தாதாரருக்குப் பகிர்ந்தளித்திருக்கலாம். ரூட்டரின் வெளிப்புற எண் 100.64 முதல் 100.127 வரை எதிலேனும் தொடங்கினால் ஐயமேயில்லை. அப்போது நிலையான தனி எண்ணைக் கேட்டுப் பெறுவதன்றி வழியில்லை. சிலர் 25-ஆம் வாசலையே அடைத்தும் வைப்பர்.

சோதனையை அலுவலகத்துக்கு வெளியேயிருந்து செய்தல் வேண்டும். உள்ளிருந்து செய்வது ஏமாற்றும். அவ்வாசலை அணுகினால் 220 என்று தொடங்கும் விடை வருமாயின் வழி திறந்துள்ளது.

இடையில் வந்த கடிதங்கள் என்னாகும்? திருநெல்வேலியிலிருந்து ஓர் இளைஞர் அனுப்பிய வேலை விண்ணப்பம், கெடு முடியவிருக்கும் ஒப்பந்தப் புள்ளி ஆகியவை தொலைந்தனவோ என்று உடனே கலங்கவேண்டுவதில்லை. விடை கிடையாதபோது அனுப்பும் சர்வர் நான்கைந்து நாள் மீண்டும் மீண்டும் முயல்வதே வழக்கம். ஆனால் உமது பழைய எண் இதற்குள் வேறொருவர் கைக்குப் போய், அவருடைய சர்வர் 'இப்பெயரினர் இங்கில்லை' என மறுத்துவிட்டால், கடிதம் அக்கணமே திரும்பிவிடும். ஆகவே, செலவு சற்று மிகினும் பழைய இணைப்பை ஒரு வாரம் உடன் வைத்திருப்பதே நன்றென்பது நம் கருத்து. அந்த வாரத்துக்குள், அனுப்பும் அஞ்சலுக்குரிய எஸ்.பி.எஃப். பதிவிலும் புதிய எண்ணைச் சேர்த்துவிடலாம்.