கடலை, கரும்பைச் சாய்க்கும் வேர்ப்புழு: இயற்கை முறையில் ஒழிப்பது எப்படி?

பெரம்பலூர், அரியலூர் பகுதியில் கடலை, கரும்பு போட்டவர்களுக்குத் தெரியும். நேற்று வரை பச்சையாக நின்ற செடி திடீரென வாடும். இழுத்தால் வேரே இல்லாமல் கையோடு வரும். மண்ணுக்குள் சுருண்டு கிடக்கும் வெள்ளை வேர்ப்புழுதான் காரணம். அப்போது என்ன ஊற்றினாலும் போன செடி போனதுதான்.

எனவே தாய் வண்டைப் பிடிப்பதே புத்திசாலித்தனம். கோடையில் முதல் நல்ல மழை பெய்ததும், பொழுது சாய வண்டுகள் மண்ணை விட்டுக் கிளம்பி வேம்பு, முருங்கையில் மொய்க்கும். ராத்திரி கிளையை உலுக்கி, விழுவதைப் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். ஊரே சேர்ந்து நாலைந்து நாள் செய்தால்தான் பலன். இல்லாவிட்டால் பக்கத்துக் காட்டு வண்டு வந்து முட்டை வைத்துவிடும்.

கோடை உழவில் மேலே வரும் புழுவை கொக்கும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடலாம். மெட்டாரைசியம் பூஞ்சாணத்தை மக்கிய எருவில் கலந்து ஈரமண்ணில் தூவினால், புழு பச்சை பூத்துச் செத்துக் கிடக்கும்.