முதுகு தேய்வதற்கு உழைப்பு மட்டுமா காரணம்?

1896-ஆம் ஆண்டு டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக்கிய முதல் தோட்டம் அதுதான். அதன்பின் பெருகிய தோட்டங்களில் நம்மவர்கள் குனிந்து பால்மரம் வெட்டினார்கள். நிறைந்த வாளிகளைக் காண்டாக் கம்பில் சுமந்தார்கள். இன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பெரியவர்களைக் கேட்டால், “அந்தக் காலத்து வேலை, எலும்பு தேய்ஞ்சு போச்சு” என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த வேலையின் களைப்புக்கு மருந்தாக வாயில் வைத்த சுருட்டுக்கும், வெற்றிலையோடு மென்ற புகையிலைக்கும் அந்தத் தேய்வில் பங்கு உண்டா?

முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே இருக்கும் வட்டை ‘டிஸ்க்’ என்கிறோம். நம் உடலில் இரத்தக் குழாய் இல்லாத பாகங்களில் மிகப் பெரியது இதுவே. மேலும் கீழும் உள்ள எலும்பின் நுண்குழாய்களிலிருந்து ஆக்சிஜனும் சத்தும் குருத்தெலும்பு வழியே ஊறி வந்தால்தான் அது பிழைக்கும். கடைமடை வயலைப் போல, வரத்து கொஞ்சம் குறைந்தாலும் முதலில் வாடுவது அதுதான்.

நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. சிகரெட் என்றால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்துகொள்ளும். அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். பட்டினி கிடக்கும் வட்டு நீர் வற்றித் தட்டையாகும். அது தாங்கிய பளு பின்புறச் சிறு மூட்டுகள் மேல் ஏறும். அங்கே குருத்தெலும்பு தேய்ந்து எலும்பு முள் வளர்வதே முதுகெலும்பு மூட்டுவாதம்.

உழைப்பையும் புகையையும் பிரித்துப் பார்க்க முடியுமா? பின்லாந்தில் ஒருவர் புகைப்பவரும் மற்றவர் புகைக்காதவருமான ஒத்த இரட்டையர்களின் முதுகை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 1991-இல் வெளியான முடிவின்படி, புகைப்பவர்களின் இடுப்பு வட்டுகளில் தேய்வு சராசரியாக 18 விழுக்காடு அதிகம். பளு மட்டுமே காரணமென்றால் அதை மிகுதியாகத் தாங்கும் கீழ் வட்டுகளே கூடுதலாகக் கெட்டிருக்க வேண்டும். ஆனால் இடுப்புப் பகுதி வட்டுகள் அனைத்திலும் சேதம் தெரிந்தது. கெடுத்தது இரத்தத்தின் வழியே வந்திருக்கலாம்.

அது நிக்கோட்டினாக இருக்கலாம் என்பதற்கு 2002-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு வலுச் சேர்த்தது. புகையே இல்லாமல் நிக்கோட்டின் மட்டும் செலுத்தப்பட்ட முயல்களுக்கும் வட்டை ஒட்டிய நுண்குழாய்கள் குறைந்து, வட்டுகள் சிதைந்தன. ஆகவே புகை வராத புகையிலை முதுகுக்குப் பாதுகாப்பு என்று வெற்றிலை போடும் பாட்டிமார்களும், ‘இது வெறும் ஆவிதானே’ என்று வேப் இழுக்கும் பேரன்மார்களும் நிம்மதி கொள்ள முடியாது.

“ஒரு இழுப்பு இழுத்தால் வலி குறையுதே” என்பார்கள். நிக்கோட்டினுக்குச் சற்று நேரம் வலியை மழுங்கடிக்கும் குணம் உண்டு. அது இறங்கியதும் உடல் வலியை முன்பைவிடக் கூர்மையாக உணரும். கை மறுபடி பெட்டிக்குப் போகும்.

அந்தக் கையை வெளியிடங்களில் தடுக்கச் சட்டம் உண்டு. மலாக்கா 2011-இலேயே பாரம்பரிய நகரப் பகுதியோடு அலோர் காஜா, ஜாசின் பட்டணங்களையும் புகையற்ற இடங்களாக அறிவித்தது. 2024 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள நாட்டின் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வேப்பையும் கட்டுப்படுத்துகிறது. வீட்டுத் திண்ணையில் என்ன செய்வது என்பது நம் முடிவு.

‘இத்தனை வருஷத்துக்குப் பிறகு விட்டு என்ன பயன்?’ என்பவர்களுக்கு 2000-ஆம் ஆண்டு ஆய்வொன்று பதில் சொல்கிறது. முதுகெலும்பை இணைக்கும் அறுவைக்குப் பிறகும் புகைத்தவர்களில் 26.5 விழுக்காட்டினருக்கு எலும்பு கூடவில்லை. அறுவைக்குப் பின் ஆறு மாதத்துக்கு மேல் விட்டிருந்தவர்களில் அது 17.1 விழுக்காடு, புகைக்காதவர்களில் 14.2. தேய்ந்த வட்டு பழையபடி திரும்பாது. ஆனால் விட்டவரின் எலும்பு, பழக்கமே இல்லாதவரின் எலும்பை ஏறக்குறைய எட்டிப்பிடிக்கிறது. அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் பழக்கத்தை விடுவதற்கென ஆலோசனையும் மருந்தும் கிடைக்கின்றன. அடுத்த முறை இடுப்பு வலி மாத்திரைக்குப் போகும்போது, புகையிலைப் பழக்கத்தையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.