வேட்பாளரின் படிவம் 26-ஐ எப்படிப் படிப்பது?

சட்டமன்றத் தேர்தலில் வேட்புமனு தாக்கல் செய்யும் ஒவ்வொருவரும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தன் மீதுள்ள வழக்குகள், தன்னுடைய, துணையின், தன்னைச் சார்ந்தவர்களின் சொத்துகள், கடன்கள், வருமானம், படிப்பு, தொழில் எல்லாவற்றையும் அதில் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். அது தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் 'கேஒய்சி' (உங்கள் வேட்பாளரை அறியுங்கள்) செயலியிலும் வெளியாகிறது. செல்போன் வைத்திருக்கும் யாரும் காசு செலவில்லாமல் பார்க்கலாம். ஆனால் படிப்பவர்கள் மிகக் குறைவு. நம் வாக்கின் மதிப்பு சரிவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்த உரிமை தானாக வந்ததல்ல. ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் (ஏடிஆர்) தொடுத்த வழக்கில், 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் இந்த விவரங்களைக் கட்டாயமாக்கியது. நாடாளுமன்றம் அதே ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 33பி என்ற பிரிவைக் கொண்டுவந்து, நீதிமன்றம் என்ன சொன்னாலும் சட்டத்தில் உள்ளதற்கு மேல் எதையும் வேட்பாளர் சொல்ல வேண்டியதில்லை என்றது. 2003 மார்ச் 13 அன்று அந்தப் பிரிவையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வேட்பாளரைப் பற்றி அறிவது, அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமையின் பகுதி என்பதே இன்றைய சட்ட நிலை.

முதலில் வழக்குகள். 2021-ல் தமிழ்நாட்டில் வெற்றி பெற்றவர்களில் 224 பேரின் பத்திரங்களை ஏடிஆர் ஆராய்ந்தபோது, 134 பேர் தங்கள் மீது வழக்கு இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இதைக் கேட்டுப் பதறவும் வேண்டாம், 'எல்லாம் அரசியல் வழக்குதான்' என்று ஒதுக்கவும் வேண்டாம். சாலை மறியல், அனுமதியில்லாத ஆர்ப்பாட்டம், தடை உத்தரவை மீறிக் கூடியது என்று கட்சிக்காரர்கள் மீது நம் ஊரில் வழக்குகள் குவியும். மக்கள் பிரச்சினைக்காகத் தெருவில் நின்றவர் மீதும் பத்து வழக்கு இருக்கலாம். எனவே எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சட்டப் பிரிவைப் பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 143, 188, 341 என்றால் பெரும்பாலும் போராட்ட வழக்கு. 302 கொலை, 307 கொலை முயற்சி, 376 பாலியல் வன்கொடுமை, 420 மோசடி, 409 பொறுப்பிலிருந்தவர் செய்த நம்பிக்கை மோசடி. 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த குற்றங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் எண்கள் வரும்: கொலைக்கு 103, கொலை முயற்சிக்கு 109, பாலியல் வன்கொடுமைக்கு 64, மோசடிக்கு 318.

அடுத்து, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். முதல் தகவல் அறிக்கையை யார் மீதும் போட்டுவிட முடியும். நீதிபதி ஆவணங்களைப் பார்த்துக் குற்றச்சாட்டு பதிவு செய்திருந்தால் அதன் கனம் வேறு. வழக்கு எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டால் எத்தனை முறை வாய்தா வாங்கப்பட்டது என்பதுவரை தெரியும்.

வழக்கு உள்ளவரை எப்படிப் போட்டியிட விடுகிறார்கள் என்று பலரும் கேட்கிறார்கள். தண்டனை விதிக்கப்பட்டால்தான் தகுதியிழப்பு. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறை என்றால், விடுதலையான பிறகும் ஆறு ஆண்டுகள் போட்டியிட முடியாது. விசாரணையில் இருப்பவரைத் தடுக்கச் சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சட்டம் வரும்வரை சல்லடை வாக்காளர் கையில்தான்.

சொத்துப் பகுதியில் மொத்தக் கோடிகளைவிட வளர்ச்சிதான் பேசும். ஏற்கெனவே போட்டியிட்டவர் என்றால் பழைய பத்திரத்தையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானத்துக்கும் கூடியிருக்கும் நிலத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா? நிலத்தின் சர்வே எண் பத்திரத்திலேயே இருக்கும். பதிவுத்துறை இணையதளத்தில் அதற்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம், வழிகாட்டி மதிப்பையும் ஒப்பிடலாம். அரசோடு ஒப்பந்தம் உண்டா என்ற பகுதியைக் கட்டாயம் படியுங்கள். சாலையும் பாலமும் யார் கட்டுகிறார்கள் என்பது தொகுதிக்குத் தெரிய வேண்டிய விஷயம். ஒரு பெரிய ஓட்டை மட்டும் அடைபடாமல் இருக்கிறது. தனியாகச் சம்பாதிக்கும் மகன், மகள், மருமகன் பெயரிலுள்ள சொத்து இந்தப் படிவத்துக்குள் வராது. சின்னச் சின்னப் பொருளையெல்லாம் எழுத வேண்டியதில்லை என்று 2024-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

கட்சிக்கும் கடமை உண்டு. வழக்குள்ளவரை நிறுத்தினால் ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தோம், வழக்கில்லாத வேறு ஒருவர் ஏன் கிடைக்கவில்லை என்று தேர்வு செய்த 48 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். 'வெற்றி வாய்ப்பு' மட்டும் காரணமாகாது. பிகாரில் 2020 தேர்தலில் இதைச் சரியாகச் செய்யாத கட்சிகளுக்கு 2021-ல் உச்ச நீதிமன்றம் ஒரு லட்சம், ஐந்து லட்சம் என்று அபராதம் போட்டது. வீடு தேடி வாக்குக் கேட்டு வருபவரிடம், உங்கள் கட்சி என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். அதைவிட நேரான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

பத்திரத்தில் பொய் இருப்பது தெரிந்தால், மனு பரிசீலனைக்கு முன்பே தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எதிர் பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். அதுவும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். விவரத்தை நிரப்பாமல் விட்டு, கேட்டும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம் என்று 2013-ல் தீர்ப்பு இருக்கிறது. ஆனால் எழுதியது பொய் என்பதற்காக அந்த மேசையில் மனு தள்ளுபடியாகாது. அதற்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவின்படி நீதிமன்றம் போக வேண்டும். அதிகபட்சத் தண்டனையே ஆறு மாதம் சிறை. இவ்வளவு பெரிய பொய்க்கு இது போதாது.

வென்ற பிறகு தெரிந்தால், முடிவு வந்த 45 நாளுக்குள் அந்தத் தொகுதி வாக்காளர் எவரும் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். காப்புத்தொகை 2,000 ரூபாய். வழக்கை மறைப்பது வாக்காளர் மீது முறையற்ற செல்வாக்குச் செலுத்தும் ஊழல் நடவடிக்கை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது நம் ஊர் வழக்கில்தான். கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் வட்டம் தேக்கம்பட்டி ஊராட்சித் தலைவர் தேர்தல் அது. தேர்தல் நடந்தது 2006-ல், அந்தத் தீர்ப்பு வந்தது 2015-ல்.

படித்ததைப் பிறரிடம் சொல்லும்போது கவனம் தேவை. 'வழக்கு நிலுவையில் உள்ளது' என்று பத்திரத்தில் இருப்பதைக் 'குற்றவாளி' என்று மாற்றி எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் மீது பாயும். துண்டறிக்கை அடித்தால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் அதில் இருந்தாக வேண்டும். பத்திரத்தின் பக்கத்தை அப்படியே படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதே பாதுகாப்பானது. வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்குப் பிறகு குறைந்தது 14 நாள் கழித்துத்தான் வாக்குப்பதிவு நடக்க வேண்டும் என்கிறது சட்டம். தொகுதி முழுவதும் இதைப் படித்துப் பேசிக்கொள்ள அந்த இரண்டு வாரம் நமக்கு உறுதியாக உண்டு.