யந்திரக் கை எட்டும் தூரம்

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர் ஊராகக் கடந்து செல்லும் பிரயாணிக்கு இரு பக்கமும் கண்ணுக்குக் குளிர்ச்சியான காட்சிதான். நெல் வயலும் வாழையும் திராட்சைப் பந்தலும் தென்னந்தோப்பும் மாறி மாறி வரும். போடிப் பக்கம் போனால் இலவ மரங்கள். மலைமேல் ஏலத் தோட்டங்கள். இந்தச் செல்வம் அத்தனையும் மனிதரின் கைகால்களால் விளைவது. தென்னையில் ஏறுகிறவருக்கும், இலவங்காய் பறிக்கிறவருக்கும், விடிவதற்கு முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து கம்பம் மெட்டு ஏறும் தோட்டத் தொழிலாளிக்கும் தேகம்தான் மூலதனம். கிளை ஒன்று முறிந்தாலோ, மலைப்பாதை வளைவில் வண்டி கவிழ்ந்தாலோ, அந்த மூலதனம் ஒரே கணத்தில் பறிபோய்விடலாம்.

முதுகுத்தண்டில் பலமாக அடிபட்டால் அதனுள் ஓடும் நரம்புக் கற்றை நசுங்கிப் போகிறது. எலும்பு கூடுவதுபோல் அது கூடுவதில்லை. பக்கவாதம் கண்டவர் நிலை வேறு. மூளையின் ஒரு பகுதி சேதமடைந்தாலும், விடாமல் பழக்கினால் மற்றப் பகுதிகள் அந்த வேலையை ஓரளவுக்குக் கற்றுக்கொள்கின்றன. இவ்விரு வகையினருக்கும் துணை செய்யவும், ரண சிகிச்சை செய்யும் டாக்டருக்குக் கை கொடுக்கவும் இப்போது யந்திரங்கள் வந்திருக்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன, நம் பள்ளத்தாக்குக்கு அவற்றால் என்ன பிரயோஜனம் என்பதை நேயர்களுடன் சற்று ஆராய்வோம்.

கத்தி பிடிக்கும் யந்திரம்

'ரோபோ' என்ற பதத்தை உலகுக்குத் தந்தது ஒரு நாடகம். செக் ஆசிரியர் காரெல் சாப்பெக் 1920-ல் எழுதிய அந்நாடகத்தில், கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. பெயருக்கேற்ப, ஆஸ்பத்திரியில் உள்ள ரோபோவும் சொந்தப் புத்தியால் வைத்தியம் செய்வதில்லை. சொன்னதைச் செய்யும் ஊழியன்தான்.

அமெரிக்க சர்க்கார் 2000-ம் ஆண்டில் அனுமதித்த 'டா வின்சி' யந்திரத்தை எடுத்துக்கொள்வோம். டாக்டர் நோயாளியின் பக்கத்தில் நிற்பதில்லை. சற்றுத் தள்ளி ஒரு மேஜைமுன் அமர்ந்து, உடலுக்குள் செலுத்திய காமிராவின் மூலம் உள்ளுறுப்புகளைப் பெரிதாகவும் ஆழம் தெரியும்படியும் பார்க்கிறார். அவர் விரல்கள் அசைவதற்கேற்ப, சிறு துவாரங்களின் வழியே உள்ளே சென்ற மெல்லிய கருவிகள் அசைகின்றன. டாக்டரின் கை சில அங்குலம் நகர்ந்தால் கருவி அதில் ஒரு பங்குதான் நகரும். கையின் நடுக்கத்தையும் யந்திரம் நீக்கிவிடுகிறது.

மேஜைக்கும் கருவிக்கும் இடையே இருப்பது கம்பிதான் என்றால், அந்தக் கம்பியை நீட்டலாமல்லவா? 2001 செப்டம்பர் 7-ந் தேதி டாக்டர் ழாக் மரெஸ்கோ நியூயார்க்கில் அமர்ந்துகொண்டு, பிரான்ஸில் ஸ்திராஸ்பூர் நகரில் படுத்திருந்த ஒரு பெண்மணியின் பித்தப்பையை அகற்றினார். நம் நாட்டிலும் டாக்டர் சுதீர் ஸ்ரீவாஸ்தவா குழுவினர் 'எஸ்.எஸ்.ஐ. மந்த்ரா' என்ற சுதேசி யந்திரத்தைச் செய்து, 2025 ஜனவரியில் குருகிராமிலிருந்து 286 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஜெய்ப்பூரில் இருதய சிகிச்சை செய்து காட்டினார்கள். சென்னையில் சட்டசபைக்கென்று கட்டப்பட்டுப் பின் ஆஸ்பத்திரியான ஓமந்தூரார் மாளிகையில், 2022 மார்ச்சில் சுமார் 35 கோடி ரூபாய்ச் செலவில் ரோபோ அறுவைப் பிரிவு திறக்கப்பட்டது. ஏழைகளுக்கும் இந்த வைத்தியம் கிட்டவேண்டும் என்று சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே அதை வைத்தது பாராட்டத் தக்கது.

ஆனால் கத்தியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கட்டில், கழிப்பறை, வாசற்படி, வயிற்றுப்பாடு என்ற பிரச்னைகள் வீடு திரும்பிய பிறகுதான் ஆரம்பமாகின்றன. அவை வருஷக் கணக்கில் நீடிப்பவை.

நண்டின் ஓடு

நமக்கு எலும்பு உள்ளே இருக்கிறது. நண்டுக்கு வெளியே ஓடாக இருக்கிறது. கால் செயலிழந்த மனிதனுக்கும் வெளியே ஓர் எலும்புக்கூட்டை மாட்டிவிட்டால் என்ன என்ற யோசனையில் உண்டானதே 'எக்ஸோஸ்கெலிடன்' என்னும் கவச யந்திரம். இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டார்கள், முதுகில் பாட்டரி. அணிந்தவர் ஊன்றுகோலுடன் சற்று முன்னே சாய்ந்தால் யந்திரம் அதை உணர்ந்து காலை எடுத்து வைக்கிறது.

இவ்வகையில் பெயர் பெற்ற 'ரீவாக்' யந்திரத்தை அமைத்தவர் இஸ்ரேல் நாட்டு எஞ்சினீயர் அமித் கோஃபர். 1997-ல் ஒரு விபத்தில் அவருக்கே கைகால்கள் செயலிழந்தன. அவருடைய யந்திரத்துக்கு 2014-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஊன்றுகோல் பிடிக்கக் கையில் பலம் வேண்டுமாகையால், செய்தவரால் மட்டும் அதை அணிந்து நடக்க முடியவில்லை! பிறகு தம்மைப் போன்றவர்களுக்காக, நிமிர்ந்து நிற்க வைக்கும் சக்கர நாற்காலி ஒன்றை அவர் வடிவமைத்தார். ரீவாக்கின் விலையோ அக்காலத்தில் சுமார் 70,000 டாலர். வாசற்படியும் வாய்க்கால் வரப்பும் உள்ள ஊரில் அது எவ்வளவு தூரம் நடக்கும் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

வேலூர் காட்டிய வழி

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு ஒரு வீர சரித்திரம் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியை இழந்தார். படுக்கையில் கிடந்துவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் முடங்கிய கைகளுக்கு ரண சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க் சென்று புனர்வாழ்வு வைத்தியம் பயின்று திரும்பினார். 1966-ல் வேலூரில் அதற்கென ஒரு நிலையமே உருவாயிற்று. உயிரைக் காப்பாற்றுவதோடு வைத்தியம் முடிவதில்லை, பிழைத்தவரை மறுபடி குடும்பத்திலும் தொழிலிலும் நிறுத்த வேண்டும் என்பதே அவர் வாழ்க்கையின் போதனை.

அதே வேலூரில் இன்று டாக்டர் சிவகுமார் பாலசுப்பிரமணியனும், சென்னை ஐ.ஐ.டி.யில் டி.டி.கே. புனர்வாழ்வு ஆராய்ச்சி நிலையத்தின் பேராசிரியை சுஜாதா ஸ்ரீனிவாசனும், அவர்களுடைய சகாக்களும் சேர்ந்து 'புளூட்டோ' என்ற சிறு யந்திரத்தைச் செய்திருக்கிறார்கள். மேஜைமேல் வைக்கக்கூடியது. அதில் ஒரே ஒரு மோட்டார். மணிக்கட்டை மடக்கவும், முன்கையைத் திருப்பவும், விரல்களை விரித்து மூடவும் தனித்தனிக் கைப்பிடிகள் உண்டு, வேண்டியதை மாட்டிக்கொள்ளலாம். நோயாளியின் கை தானாக எவ்வளவு அசைகிறதோ அவ்வளவுக்கு விட்டுவிட்டு, எஞ்சிய தூரத்துக்கு மட்டும் மோட்டார் உதவுகிறது. எதிரே திரையில் ஒரு விளையாட்டு. சலிப்பில்லாமல் ஒரே அசைவைப் பல நூறு தடவை செய்யவைக்கும் தந்திரம் அது. மோட்டார்களை ஒன்றாகக் குறைத்ததால் விலையும் எடையும் குறைந்தன.

சென்னை நிலையத்தில் உருவான மற்றொரு சாதனம், 2019-ல் வெளிவந்த 'அரைஸ்' சக்கர நாற்காலி. அதில் மோட்டார் ஒன்றுகூடக் கிடையாது. உட்கார்ந்திருப்பவர் தம் கைப்பலத்தாலேயே எழுந்து நிற்கலாம். நிற்பதால் ரத்த ஓட்டம் சீராகிறது, எலும்பு பலப்படுகிறது, படுக்கைப் புண் குறைகிறது. சுமார் 15,000 ரூபாய் விலை என்று அப்போது அறிவித்தார்கள்.

யந்திரமா, மனிதரா?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். பிரிட்டனில் பக்கவாதம் கண்ட 770 பேரை வைத்து நடந்த பெரிய பரீட்சையின் முடிவு 2019-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியாயிற்று. ரோபோவின் உதவியால் பயிற்சி பெற்றவர்களின் கைத்திறன், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுடையதைவிட மேம்படவில்லை என்பதே அதன் சாரம். அப்படியானால் யந்திரம் எதற்கு?

பிரிட்டனில் வழக்கமான சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது. நோயாளியின் கையைப் பிடித்துப் பழக்கப் பயிற்சி பெற்ற மனிதர் இருக்கிறார். கூடலூரிலோ வருஷநாட்டிலோ உள்ள குடும்பத்தின் முன் நிற்கும் கேள்வி, யந்திரம் நல்லதா, மனிதர் நல்லவரா என்பதன்று. தினந்தோறும் பழக்க ஏதாவது கிடைக்குமா, ஒன்றுமே கிடைக்காதா என்பதே. பிஸியோதெரபி நிபுணர் ஒருவரால் ஒரு நாளில் சிலர் வீட்டுக்குத்தான் போகமுடியும். அவர் கற்றுக்கொடுத்துவிட்டுப் போன பயிற்சியை மறுநாளும் அதற்கு மறுநாளும் செய்யவைக்க வீட்டிலேயே ஒரு சாதனம் இருந்தால், அவருடைய கை அத்தனை தூரம் நீண்டதாகிறது.

இதற்குப் பாதை புதிதாகப் போடவேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் ஆரம்பமான 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிஸியோதெரபி அளிக்கும் ஏற்பாடு உண்டு. க.விலக்கில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், 1975-ல் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த ஸ்ரீ எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமங்களைத் தேடிச் சென்று இப்பணியைச் செய்யமுடியும் என்று காட்டியிருக்கிறது. கல்லூரியில் சில சிறு யந்திரங்களை வாங்கி வைத்து, நூலகப் புத்தகம் போல வீடுகளுக்குத் தவணைமுறையில் கொடுத்து வாங்கலாம். ஓமந்தூரார் மாளிகையில் செலவான தொகையில் மிகச் சிறு பகுதி இதற்குப் போதும்.

1895-ல் பெரியாற்றுக்குக் குறுக்கே அணை எழும்பியது. பென்னிகுக் துரையின் பெயரை இன்றும் இப்பள்ளத்தாக்கில் குழந்தைகளுக்கு வைக்கிறார்கள். அணை உயரமானது என்பதற்காக அல்ல. மலையைக் குடைந்து வந்த தண்ணீர் கடைமடைவரை பாய்ந்ததற்காக. வேலூரிலும் சென்னையிலும் அறிவு தேங்கி நிற்கிறது. தென்னையிலிருந்து விழுந்தவர் படுத்திருக்கும் கட்டில்வரை அதற்கு வாய்க்கால் வெட்டும் வேலை பாக்கி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு பள்ளத்தாக்கில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு.