போட்டிக்கு இன்னும் 14 நாள்... பயிற்சியைக் கூட்டணுமா, குறைக்கணுமா? - ட்ரையத்லான் ‘டேப்பரிங்’ ஏன் முக்கியம்?

அதிகாலை 4 மணி அலாரம். நீச்சல் குளம். சனிக்கிழமை ஈ.சி.ஆரில் சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். ஆறு மாதமாக இதே வாழ்க்கை. போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கோச் சொல்கிறார்: “இனிமே பாதிதான்.” கேட்டதும் நிம்மதி வரணும் இல்லையா? பெரும்பாலானவர்களுக்கு வருவது பயம்தான். இத்தனை நாள் உழைச்சதெல்லாம் வீணாகிடுமோ என்ற பயம்.

இப்படி வேண்டுமென்றே படிப்படியாகப் பயிற்சியைக் குறைப்பதற்குத்தான் ‘டேப்பரிங்’ என்று பெயர். ஒலிம்பிக் வீரர் முதல் முதல்முறை கலந்துகொள்ளும் ஐ.டி. ஊழியர் வரை எல்லோருக்கும் இது பொருந்தும். சொல்லப்போனால், இரண்டாமவருக்குத்தான் இது அதிகம் தேவை. ஏன் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

இரண்டரை நிமிடக் கதை

இந்தியாவில் நடக்கும் நெடுந்தூர ட்ரையத்லான்களில் பலருக்கும் தெரிந்தது, 2019-ல் தொடங்கிய கோவா அயர்ன்மேன் 70.3. கடலில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். மொத்தம் 113 கி.மீ.; மைல் கணக்கில் 70.3. பெயர் வந்தது அப்படித்தான். இதை எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் ‘முடித்தவர்’ பட்டியலில் பெயர் இருக்காது.

2024-ல் பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா இதை முடித்த நேரம் 8 மணி 27 நிமிடம் 32 விநாடி. கெடு முடிய இரண்டரை நிமிடம்கூட மிச்சமில்லை.

விளையாட்டு உடலியல் ஆய்வுகளின்படி, சரியாக டேப்பர் செய்தால் செயல்திறன் சராசரியாக 3 சதவீதம் வரை கூடலாம். இது போட்டி வீரர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் கிடைத்த எண். ஆளுக்கு ஆள் மாறும், சிலருக்கு ஒரு சதவீதம்கூட வராது. ஆனாலும் 8 மணி நேரத்தில் 3 சதவீதம் என்றால் 14 நிமிடம். முதல் பத்து இடத்தில் வருபவருக்கு அது மேடை. கெடுவை ஒட்டி ஓடுபவருக்கு அது மெடலா, இல்லையா என்பதே!

உடலுக்குள் என்ன நடக்குது?

பயிற்சி செய்யும்போது உடல் வலுவாவதில்லை. அப்போது அது தேயத்தான் செய்கிறது. வலு சேர்வது ஓய்வில். மாதக்கணக்கில் நாம் சேர்த்து வைத்த களைப்புக்கு அடியில் உண்மையான திறன் மறைந்து கிடக்கிறது. டேப்பரில் களைப்பு வேகமாக வடிகிறது. திறன் மெதுவாகத்தான் குறையும். இந்த இடைவெளியில்தான் லாபம். தசையில் சர்க்கரைச் சேமிப்பான கிளைக்கோஜன் நிரம்பும், சின்னச் சின்ன தசைக் கிழிசல்கள் ஆறும், கால் மறுபடி ‘பவுன்ஸ்’ ஆகும்.

அதனால் கடைசி பத்து நாளில் செய்யும் கடினப் பயிற்சியின் பலன், போட்டி நாளுக்குள் வந்து சேராது. களைப்பு மட்டும் கூடவே வரும்.

அதற்காக இரண்டு வாரமும் சோபாவில் கிடப்பதா? அதுவும் கூடாது. முழுசாக நிறுத்தினால் சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர் அளவு குறைய ஆரம்பிக்கும், கால் கனமாகிவிடும். 2007-ல் வெளியான, பல ஆய்வுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று தெளிவாகச் சொல்வது இது: சுமார் இரண்டு வாரம், பயிற்சி அளவை 41 முதல் 60 சதவீதம் வரை படிப்படியாகக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள், பயிற்சி நாட்களையும் குறைக்காதீர்கள்.

உதாரணமாக, உச்சத்தில் வாரம் 12 மணி நேரம் பயிற்சி செய்தவர், முதல் டேப்பர் வாரத்தில் 8 மணி நேரம், போட்டி வாரத்தில் 4 மணி நேரம் எனக் கொண்டுவரலாம். 2 மணி நேர சைக்கிள் 50 நிமிடமாகும், ஆனால் நடுவில் போட்டி வேகத்தில் நாலைந்து நிமிடத் துண்டுகள் அப்படியே இருக்கும். மூன்றில் முதலில் வெட்ட வேண்டியது ஓட்டத்தை. மூட்டுக்கும் தசைக்கும் அதிக அடி அதில்தான். நீச்சலைக் கடைசியாகத் தொடலாம்.

இதையெல்லாம் எழுதும் நானே, என் முதல் ஹாஃப் மாரத்தானுக்கு நாலு நாள் முன்னாடி “சும்மா ஒரு செக்” என்று 18 கி.மீ. ஓடினேன். அன்னைக்கு அருமையாத்தான் இருந்தது. போட்டியில் 14-வது கிலோமீட்டரிலேயே தொடை கல்லாகிவிட்டது.

இல்லாத வலியும் இருக்கிற காய்ச்சலும்

டேப்பர் வாரத்தில் முட்டியில் சுருக், குதிகாலில் குடைச்சல், தொண்டையில் கரகரப்பு எல்லாம் வரும். பயிற்சி குறைந்ததும் கவனம் முழுக்க உடல்மேல் திரும்புவதால், வழக்கமாகக் கண்டுகொள்ளாததெல்லாம் பெரிதாகத் தெரியும். பெரும்பாலும் இரண்டு நாளில் போய்விடும்.

காய்ச்சல் அப்படியில்லை. வைரஸ் காய்ச்சலோடு கடும் உடற்பயிற்சி செய்தால் இதயத் தசை வீங்கும் ஆபத்து உண்டு. நுழைவுக் கட்டணம், டிக்கெட், லீவு எல்லாம் போனாலும் சரி, மருத்துவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அமெரிக்க ட்ரையத்லான்களில் 1985 முதல் 2016 வரை நடந்த 135 மரணங்களையும் இதயத் துடிப்பு நின்றுபோன சம்பவங்களையும் ஆராய்ந்தபோது, 90 சம்பவங்கள் நீச்சலின்போது நடந்திருந்தன. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் நடுவயது ஆண்கள். நெஞ்சு வலி, மயக்கம், குடும்பத்தில் இதய நோய் இருந்தால் பரிசோதனையைப் பல மாதங்களுக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். கடைசி வாரம் அதற்கான நேரம் இல்லை. குளத்தில் மட்டுமே நீந்திப் பழகியவர்கள் ஒன்றிரண்டு நாள் முன்னதாகப் போய், ஏற்பாட்டாளர்கள் அனுமதிக்கும் நேரத்தில் கடலில் ஒருமுறை நீந்திப் பார்ப்பது அவசியம். அலையும், கூட்டமும், காலடியில் தரை தெரியாததும் முதல்முறை பதற்றம் தரும்.

பிரியாணி கணக்கில் சேராது

‘கார்ப் லோடிங்’ என்றதும் முதல் நாள் இரவு ஃபுல் கட்டு கட்டுவது நம்மூர் வழக்கம். உண்மையில் இது போட்டிக்கு முந்தைய 36 முதல் 48 மணி நேர வேலை. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து என்பது நிபுணர்களின் பரிந்துரை. 65 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தது 650 கிராம். வெறும் சோற்றிலேயே எடுத்தால் 14 கப் சாப்பிட வேண்டும், யாராலும் முடியாது. அதனால் இட்லி, வாழைப்பழம், பிரெட்-ஜாம், ஜூஸ், தேன் எனப் பிரித்து எடுக்கிறார்கள்.

ஆச்சரியமான விஷயம், வழக்கமாக ‘ஆரோக்கியம்’ என்று சொல்லும் கீரை, சுண்டல், சிறுதானியத்துக்கெல்லாம் இந்த இரண்டு நாள் லீவு. நார்ச்சத்து வயிற்றில் தங்கி, ஓட்டத்தின்போது கழிப்பறையைத் தேட வைக்கும். எண்ணெயும் மசாலாவும் அப்படித்தான். (கோவா இறால் குழம்பு எங்கேயும் ஓடிவிடாது, முடித்த பிறகு சாப்பிடலாம்.) எடை ஒன்றிரண்டு கிலோ கூடும். பயப்பட வேண்டாம்: ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் 3 கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், கொழுப்பு இல்லை. சர்க்கரை நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

தண்ணீரிலும் ஒரு பொறி இருக்கிறது. பயத்தில் லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். தாகத்துக்குக் குடியுங்கள், உப்பும் சேரட்டும்.

சைக்கிளுக்கும் ஒரு டேப்பர்

விமானத்திலோ ரயிலிலோ பெட்டியில் போகும் சைக்கிளில் அடிக்கடி வளைவது, பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சின்ன உலோகத் துண்டு. பார்த்தால் தெரியாது, ஏறி மிதித்தால் செயின் தாவும். ஒவ்வொரு மாடலுக்கும் வேறு வேறு அளவு என்பதால் அங்கே போய்க் கடையில் தேடினால் கிடைக்கும் என்ற உத்தரவாதமில்லை. ஊரிலிருந்தே ஒன்று கூடுதலாக எடுத்துப் போங்கள். பூட்டியதும் அரை மணி நேரம் ஓட்டி எல்லா கியரையும் மாற்றிப் பாருங்கள்.

போட்டிக்கு முந்தைய நாளே சைக்கிளை ஸ்டாண்டில் விட்டுவிட வேண்டும். அதன் பிறகு எக்ஸ்போ ஸ்டால்களில் புது ஷூ, புது ஜெல், புது கண்ணாடி எல்லாம் கண்ணைப் பறிக்கும். வாங்கலாம், மறுநாள் போடக் கூடாது. வெயிலில் சுற்றாமல் அறைக்குப் போய் காலை நீட்டிவிடுவது உத்தமம்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது. பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. அந்த வாரம் முழுக்க நன்றாகத் தூங்கியிருந்தால் ஒரு ராத்திரி பெரிதாகக் கெடுக்காது. கண்ணை மூடிப் படுத்திருந்தாலே போதும். அலாரம் மட்டும் இரண்டு போனில் வையுங்கள்.