வலசைப் பாதையும் அதிர்வலைப் படமும்: தமிழகக் கிழக்குக் கடற்கரையை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

திருவாலங்காடு நடராசரின் ஐந்து சபைகளுள் இரத்தின சபையாகப் போற்றப்படும் ஊர். அவ்வட்டாரத்தின் வழியே ஓடும் கொற்றலையாறு பூண்டி நீர்த்தேக்கத்தில் தேங்கி, பின் எண்ணூரில் கடலோடு கலக்கிறது. எண்ணூருக்கு வடக்கே, கடலோரத்தில் பழவேற்காடு ஏரி உள்ளது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இதற்குக் குளிர்காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் ஆலாக்களும் வருகின்றன. இப்பறவைகளின் பாதையை அறியும் முறைகளையும், அதே கடலின் அடித்தளத்தை ஆராயும் அதிர்வலைப் படமாக்க முறையையும் விளக்கி, இரண்டும் சந்திக்கும் இடத்தைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வளையம் தரும் சான்று

பறவைகள் பருவந்தோறும் இடம்பெயர்வதைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். சத்திமுத்தப் புலவரின் தனிப்பாடலில், தெற்கே குமரிக்குச் சென்று வடக்கே திரும்பும் செங்கால் நாரை தூதாக்கப்படுகிறது. திசையும் பருவமும் பழைய அறிவில் இருந்தன. ஒரே பறவைதான் திரும்பி வருகிறதா, எங்கிருந்து வருகிறது என்னும் வினாக்களுக்கு விடை காண, தனிப்பறவையை அடையாளப்படுத்தும் வழி தேவைப்பட்டது. 1899இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் மார்ட்டென்சன் எண் பொறித்த அலுமினிய வளையங்களைப் பறவைகளின் கால்களில் இட்டு அவ்வழியைத் தொடங்கிவைத்தார்.

இந்தியாவில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் சாலிம் அலியின் தலைமையில் 1959இல் விரிவான வளையமிடும் திட்டத்தைத் தொடங்கியது. உலகச் சுகாதார நிறுவனம் இதற்குத் துணைநின்றது. 1957இல் கர்நாடகத்தின் சிமோகா பகுதியில் கண்டறியப்பட்ட கியாசனூர்க் காட்டு நோயின் நுண்ணுயிரியை வலசைப் பறவைகளின் மேலுள்ள உண்ணிகள் கொண்டுவந்திருக்கக்கூடுமா என்னும் ஐயமே அத்துணைக்குக் காரணம். தமிழகத்தில் கோடியக்கரை இவ்வாய்வின் முதன்மைக் களமாயிற்று. 1967இல் சரணாலயமாக்கப்பட்ட அப்பகுதி 2002இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

வளையத்திற்கு ஓர் எல்லை உண்டு. அது பறவை பிடிபட்ட இடத்தையும் மீண்டும் கிடைத்த இடத்தையும் மட்டுமே காட்டும். இடைப்பட்ட வழி, தங்கிய நாள்கள், இரைதேடிய கடற்பகுதி ஆகியவை அதில் பதிவாவதில்லை.

ஒளியைக்கொண்டு வழி அறிதல்

இக்குறையை ஒளிப்பதிவுக் கருவி ஓரளவு நீக்குகிறது. பறவையின் காலில் பொருத்தப்படும் இச்சிறு கருவி, வெளிச்சத்தின் அளவை நேரத்தோடு பதிவுசெய்கிறது. பகலின் நீளம் நிலநேர்க்கோட்டையும் நண்பகல் நேரம் நிலநிரைக்கோட்டையும் கணிக்க உதவுகின்றன. பகலும் இரவும் எங்கும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் நாள்களில் முதற்கணிப்பு நம்பத்தக்கதன்று. பதிவைப் பெறப் பறவையை மறுபடியும் பிடிக்கவும் வேண்டும்.

இம்முறையின் ஆற்றலை 2010இல் வெளியான வடமுனை ஆலா ஆய்வு காட்டியது. கிரீன்லாந்திலும் ஐஸ்லாந்திலும் 1.4 கிராம் கருவி பொருத்தப்பட்ட ஆலாக்கள் அண்டார்க்டிகா வரை சென்று திரும்பின. ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 70,900 கி.மீ. அவை பறந்திருந்தன. தெற்கு நோக்கிச் செல்கையில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் சில ஆப்பிரிக்கக் கரையையும் சில பிரேசில் கரையையும் பின்பற்றின. இரு முனைகளை மட்டும் காட்டும் வளையத்தால் இப்பிரிவைக் கண்டிருக்க இயலாது.

ஒலியைக்கொண்டு ஆழம் அறிதல்

அதிர்வலைப் படமாக்கமும் காணவியலாததைக் கணித்தறியும் முறையே. கப்பல் இழுத்துச்செல்லும் காற்றுத் துப்பாக்கிகள் அழுத்தப்பட்ட காற்றை நீருள் வெளியிட்டு வலிய ஒலியலையை எழுப்புகின்றன. அவ்வலை கடற்தரையிலும் அதற்கு அடியிலுள்ள பாறை அடுக்குகளிலும் பட்டு மீள்கிறது. கப்பலின் பின் மிதக்கும் நீள்வடங்களிலுள்ள ஒலியுணரிகள் அதைப் பதிவுசெய்கின்றன. கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர். எதிரொலி 2 நொடியில் திரும்பினால் அலை 3,000 மீட்டர் சென்றுவந்திருக்கிறது; எனவே ஆழம் 1,500 மீட்டர். அடுக்குக்கு அடுக்கு வேகம் மாறுவதால் தரைக்குக் கீழே கணக்கு சிக்கலாகிறது. வங்கக் கடலின் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் மீத்தேன் நீரேற்றின் அறிகுறிகள் இம்முறையால் அறியப்பட்டன. 2006இல் ‘ஜாய்டிஸ் ரெசொல்யூஷன்’ கப்பல் துளையிட்டு அதன் இருப்பை உறுதிசெய்தது.

இரண்டும் சந்திக்குமிடம்

தென்னாப்பிரிக்கக் கடலில் 2013இல் அதிர்வலை அளவீடு நிகழ்ந்தபோது, இருப்பிடங்காட்டி பொருத்தப்பட்ட ஆப்பிரிக்கப் பென்குயின்கள் கண்காணிக்கப்பட்டன. கூட்டிடத்திலிருந்து 100 கி.மீ.க்குள் அளவீடு நடந்த காலத்தில், அவை வழக்கமான இரைதேடும் பகுதியைத் தவிர்த்துத் தொலைவு சென்றன. அளவீடு நின்றபின் பழைய இடத்திற்கே திரும்பின. 2017இல் வெளியான இம்முடிவை ஆலாக்களுக்கு அப்படியே பொருத்துதல் முறையன்று. பென்குயின் நீருக்கடியில் நெடுநேரம் மூழ்கி இரைதேடுவது. ஆலாவோ மேற்பரப்பில் பாய்ந்து மீன் கவ்வுவது. ஆயினும் ஒலியால் மீன்கள் விலகினால் ஆலாவின் இரையும் விலகும். எனவே நேரடி விளைவையும் இரை வழியாக வரும் விளைவையும் தனித்தனியே ஆராய வேண்டும்.

பென்குயின்களின் வழக்கமான பாதை முன்பே பதிவாகியிருந்ததால்தான் அவற்றின் விலகலை அளவிட முடிந்தது. அளவீட்டிற்கு முந்தைய பதிவு இல்லாத கடலில் பறவை விலகினாலும் அதை நிறுவ இயலாது. விலகவில்லை என்று கூறவும் இயலாது.

முடிவுரை

கோடியக்கரை வளையங்கள் இக்கடற்கரைக்குப் பறவைகள் வரும் பருவத்தை நிறுவியுள்ளன. அதனோடு இரைதேடும் பாதைகளின் பதிவும் சேர்ந்தால், அதிர்வலை அளவீட்டின் காலத்தையும் இடத்தையும் முன்கூட்டியே தெரிவுசெய்ய முடியும். எரிபொருள் தேடலை நிறுத்துவது அன்று, பறவைகள் குறைந்துள்ள மாதங்களில் அதை நடத்துவதே இதன் பயன். கடலடியைப் படமாக்கும் முன் கடல்மேற் பாதையைப் படமாக்குதல் இக்கடற்கரைக்குப் பொருந்தும் வரிசைமுறையாகும்.